தேயிலையின் நண்பகல்

தேயிலை பிறவியில் மரம். கத்தி படாமல் விட்டால் அசாம் வகை பத்து மீட்டரைத் தாண்டி உயரும். குன்னூரிலும் வால்பாறையிலும் இலங்கையின் ஹட்டனிலும் இடுப்பளவில் மட்டமாகப் படர்ந்திருக்கும் அந்தப் பச்சை, மனிதக் கை செய்த உருவம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கிளைகளை வெட்டும் கவாத்து, இடையில் ஓயாத கொழுந்துப் பறிப்பு. உயர விடாமல் அமுக்கி, அமுக்கிய இடத்திலிருந்தே தளிர்க்கவைத்து, ஒரு மரத்தை நூறு வருடமாகப் புதராகவே வைத்திருக்கிறோம். கைவிட்ட தோட்டங்களில் செடி சில வருடங்களிலேயே ஆள் உயரம் தாண்டிவிடும். பூத்துக் காய்த்து நிற்கும்.

மலைக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் பச்சை இதுதான். ஆண்டு முழுவதும் மாறாமல் இருப்பதால் இந்தச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பச்சை மாறாத செடிகளின் துன்பம் இலையில் கடைசியாகத்தான் தெரியும். அதற்கு முன்பே அது தண்டிலும் வேரிலும் வெகுநாள் நடந்திருக்கும்.

ஆனைமலையில் டாப்ஸ்லிப் பக்கம் கோடை நெருங்கும்போது தேக்குகள் இலையை உதிர்த்துவிடும். பெரிய இலைகள் காய்ந்து தரையில் நொறுங்கிக் கிடக்க, மரம் மொட்டையாக நின்று மழைக்குக் காத்திருக்கும். நீர் போகிற வழியையே அடைத்துவிட்டு உயிரைத் தண்டுக்குள் வைத்துக்கொள்கிற முறை அது. அதே ஆனைமலையின் மேல்தட்டில், வால்பாறையில் நிற்கும் தேயிலைக்கு அந்த வழி கிடையாது. அது இலையை வைத்துக்கொண்டேதான் பிப்ரவரியையும் மார்ச்சையும் கடக்க வேண்டும். ஓர் இலையைக் கட்டுவதற்கு இந்த வகைச் செடிகள் நிறையச் செலவு செய்கின்றன. தடித்த தோல், மெழுகுப் பூச்சு, பூச்சி கடிக்கத் தயங்கும் கசப்பு எல்லாம் அதில் அடக்கம். அந்தச் செலவைத் திரும்ப எடுக்க இலை மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும்கூட வேலை செய்ய வேண்டும். எனவே வறண்ட காலத்தின் ஒவ்வொரு நாளையும் அந்த இலை நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும்.

தேயிலைக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. இளம் இலைகளை நாம் பறித்துக்கொள்கிறோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்கிற அந்தத் துளிர் செடிக்கு வருமானம் தருவதற்கு முன்பே கூடைக்குப் போய்விடுகிறது. அது வளர்ந்ததே கீழே இருக்கிற முதிர்ந்த இலைகள் அனுப்பிய சர்க்கரையில். பறிமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் கனத்தில், கரும்பச்சையாக, யாரும் கவனிக்காமல் இருக்கிற அந்தப் பழைய இலைகள்தான் செடியையும் காப்பாற்றி, நம் தேநீருக்கும் சமைத்துக் கொடுக்கின்றன. காலநிலை மாற்றம் தேயிலையை என்ன செய்கிறது என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இலைகளைத்தான்.

தேயிலை இலையின் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த இலைத்துளைகள் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகிறது. அதே வழியாக நீராவி வெளியே போகிறது. கொடுக்கல் வாங்கல் சமமானதில்லை. ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்கு நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேற வேண்டியிருக்கிறது. துளையைத் திறந்தால் தாகம், மூடினால் பசி. காலையில் பனி ஈரம் இருக்கும்போது செடி தாராளமாகத் திறந்து வைத்து, அன்றைய உணவில் பெரும்பகுதியைச் சமைத்துவிடும். வெயில் ஏறஏறத் துளைகள் சுருங்கும். நண்பகலில் பல இலைகள் ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருக்கும். பிற்பகலில் மேகம் வந்தால் மறுபடி கொஞ்சம் திறக்கும். ஒரு தேயிலைச் சரிவு பார்வைக்கு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு மணிக்கும் வேறு நிலைமை.

இந்தச் சுருங்கலுக்குக் காரணம் தண்டுக்குள் இருக்கிறது. வேரிலிருந்து இலைவரை நீர் ஒரே தொடர்ச்சியாக நிற்கிறது. இலையில் ஆவியாகும் நீர் அந்தத் தொடர்ச்சியை மேலிருந்து இழுக்கிறது. டப்ளினில் டிக்ஸன், ஜோலி என்ற ஆய்வாளர்கள் 1894இல் இதைச் சொன்னபோது நம்பத் தயங்கியவர்கள் பலர். நீரைக் கயிறுபோல் இழுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும். ஆனால் எந்தக் கயிற்றுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. மண் காய்ந்து, காற்றும் உறிஞ்சினால், இழுவிசை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நீர்த்தொடர் அறுந்து, குழலுக்குள் காற்றுக் குமிழ் புகுந்துவிடும். அந்தக் குழல் அதன்பின் பெரும்பாலும் நீர் கடத்தாது. சில குழல்கள் போனால் செடி சமாளிக்கும். பல குழல்கள் போனால் அந்தக் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். துளைகளை மூடுவது இந்த அறுதலைத் தடுக்கச் செடி எடுக்கிற முன்னெச்சரிக்கை. அதற்கு அது கொடுக்கிற விலை அன்றைய உணவு.

இங்கேதான் சூடேறும் காற்று நுழைகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் காற்று 6, 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். கேட்பதற்குச் சிறிய எண். இலையின் இடத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருக்கிற ஒரு காலைக் காற்றை எடுத்துக்கொள்வோம். அதன் உறிஞ்சும் வலு, அதாவது முழு ஈரத்துக்கு இன்னும் எவ்வளவு ஆவியழுத்தம் குறைகிறது என்ற அளவு, 1.3 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அதே காற்று, அதே ஈரத்தோடு, 32 டிகிரிக்குச் சூடானால் அந்த வலு 2.8ஐத் தாண்டிவிடும். ஏழு டிகிரியில் இரு மடங்குக்கு மேல். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் முலாஞ்சே பகுதித் தோட்டங்களில் 1980களில் அளந்து கண்டது இது: காற்றின் இந்த வறட்சி 2.3 கிலோபாஸ்கலைத் தாண்டினால் தேயிலைத் துளிரின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. மண்ணில் நீர் பாய்ச்சியிருந்தாலும் இதுதான் நிலை. வேருக்கு நீர் கிடைத்தும் துளிர் வளரவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். வறட்சி என்றதும் நாம் மழைமானியைப் பார்க்கிறோம். வருட மழை சராசரியாக வந்துவிட்டால் குறையில்லை என்கிறோம். செடி மழைமானியை மட்டும் பார்த்து வாழவில்லை. அது காற்றோடும் வாழ்கிறது. மழை குறையாமலே செடிக்கு வறட்சி வரலாம். இரண்டு மழைக்கு நடுவில் வெயில் கொளுத்தும் இருபது நாட்கள் போதும்.

துளை மூடிய இலைக்கு அடுத்த சிக்கல் சூடு. நீர் ஆவியாகும்போதுதான் இலை குளிர்கிறது. அது நின்றுவிட்டால் வெயிலில் நிற்கும் இலை சுற்றியிருக்கும் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காயும். தேயிலையின் ஒளிச்சேர்க்கை 30 டிகிரி வாக்கில் நன்றாக நடந்து, இலையின் வெப்பம் 35ஐத் தாண்டியதும் வேகமாக இறங்குகிறது. அசாமில் டோக்லாய் ஆய்வு நிலையத்தில் 1960களில் ஹாட்ஃபீல்ட் என்பவர் இலைகளின் வெப்பத்தை நேரடியாக அளந்து இதைக் காட்டினார். கரியமில வாயுவைப் பிடிக்கிற அதே நொதி சூடு ஏறும்போது ஆக்ஸிஜனையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. சமைத்ததில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. வெளிச்சமும் அப்போது சுமையாகிவிடுகிறது. துளை மூடியிருக்கையில் விழுகிற ஒளியைப் பயன்படுத்த வழியில்லை. அந்த ஆற்றலை இலை வெப்பமாக வெளியேற்றப் பார்க்கும். முடியாதபோது ஒளியைப் பிடிக்கும் அமைப்பே சேதமாகும். இலங்கைத் தோட்டங்களில் நாள் முழுவதும் அளந்தவர்கள் திறந்த வெயிலில் நின்ற செடிகளில் இந்தச் சேதத்தையும், நிழலில் நின்றவற்றில் அது குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

தேயிலை காட்டில் பெரிய மரங்களின் கீழே பிறந்த செடி. முழு வெயிலில் பாதிகூட அதன் இலைக்குப் போதும். பழைய தோட்டக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கைச் சரிவெங்கும் நட்டது அழகுக்காக இல்லை. இன்று பல இடங்களில் அந்த மரங்கள் தடி விலைக்குப் போகின்றன. நல்ல விலை கிடைக்கிற வருடத்தில் ஒரு சரிவே மொட்டையாகிறது. வெட்டிய அடுத்த வருடம் கொழுந்து கூடுவதும் உண்டு. வெளிச்சம் கூடினால் துளிர் வேகமாகத்தான் வரும். அந்தக் கூடுதலை வைத்து நிழல் தேவையில்லை என்று தீர்மானிப்பது தவறு. வறண்ட வருடம் வரும்போதுதான் நிழல் எதற்காக இருந்தது என்பது தெரியும். அப்போது புதிதாக நட்டால் மரம் நிழல் கொடுக்கப் பல வருடங்கள் ஆகும்.

கரியமில வாயு கூடுவது செடிக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடினால் துளையைக் குறைவாகத் திறந்தாலே போதிய உணவு கிடைக்கும், நீர் மிச்சமாகும். உட்வர்ட் என்ற ஆய்வாளர் 1987இல் கேம்பிரிட்ஜில் பதப்படுத்தி வைத்திருந்த பழைய இலைகளை இன்றைய இலைகளோடு ஒப்பிட்டார். இருநூறு வருடங்களில் இலைத்துளைகளின் நெருக்கமே 40 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டார். அவை இங்கிலாந்தின் மரங்கள். ஆனாலும் எவ்வளவு அமைதியாக ஓர் இலை காற்றின் மாற்றத்தைத் தன் உடலில் எழுதிக்கொள்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இலங்கையிலும் கரியமில வாயுவைக் கூட்டி வளர்த்த தேயிலை கூடுதலாகக் கொழுந்து கொடுத்தது. நுவரெலியாபோல் குளிர் மிகுந்த உச்சிகளில் இந்த லாபம் கொஞ்சகாலம் நிற்கும். கொஞ்சம் சூடேறுவதுகூட அங்கே வளர்ச்சிக்கு உதவும். இரத்தினபுரி, காலி பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களில் வெப்பம் ஏற்கெனவே செடிக்கு ஏற்ற எல்லையின் விளிம்பில் இருக்கிறது. அங்கே வாயு கொடுப்பதைச் சூடு பறித்துக்கொள்ளும். மேலும், குறைவாகத் திறக்கும் துளை என்றால் குறைவாகக் குளிரும் இலை. எந்த உதவியும் தனியாக வருவதில்லை.

பகலைவிட இரவைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம். இருட்டில் செடி சமைப்பதில்லை, சுவாசிக்க மட்டும் செய்கிறது. பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தன் உடலைப் பராமரிக்கவே எரிக்கிறது. இரவு சூடானால் எரிப்பும் கூடும். மலை இரவுகள் குளிர்ச்சியாக இருப்பது தேயிலைக்குச் சேமிப்பு. மிஞ்சியது வேருக்குப் போய் மாவுச்சத்தாகத் தங்குகிறது. நண்பகலில் மூடிக்கொண்ட துளைகளும் வெப்பமான இரவுகளும் சேர்ந்து குறைப்பது இந்த வேர்ச் சேமிப்பைத்தான். பறிப்புக் கணக்கில் அது உடனே தெரியாது. செடி துளிர்த்துக்கொண்டிருக்கும், கூடை நிறைந்துகொண்டிருக்கும், இலை பச்சையாகவே இருக்கும்.

அது தெரிய வருவது கவாத்தில். கவாத்து என்பது பச்சை மாறாத செடிக்கு நாம் கத்தியால் கொண்டுவருகிற இலையுதிர் காலம். ஒரே நாளில் எல்லா இலைகளும் போய்விடும். வெறும் குச்சிகள் நிற்கும். தேக்கு தானாக இலை உதிர்ப்பதற்கு முன் இலையில் இருந்த சத்தைத் தண்டுக்குள் இழுத்துவைத்துக்கொள்ளும். தேயிலைக்கு அந்த அவகாசம் இல்லை. புதிய துளிர் வந்து, இலையாகி, சமைக்கத் தொடங்கும்வரை வாரக்கணக்கில் அந்தச் செடி உயிரோடு இருப்பது வேரில் உள்ள மாவுச்சத்தை மட்டுமே தின்றுதான். வேர் காலியாக இருக்கும்போது வெட்டினால் துளிர் பலவீனமாக வரும், கிளைகள் பின்னோக்கிக் காயும், சில செடிகள் அப்படியே செத்துப்போகும். ஆட்கள் சரியாக வெட்டவில்லை என்று திட்டு விழும். நோய் என்றும் சொல்வார்கள். உண்மையில் அந்தச் செடி முந்தைய இரண்டு மூன்று கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருந்தது.

அனுபவம் உள்ள தோட்டங்களில் இதற்கு வழிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கவாத்துக்கு முன் பறிப்பை நிறுத்திச் செடிக்குச் சில வாரம் ஓய்வு கொடுப்பார்கள். வேர்ச்சத்து குறைவாகத் தோன்றினால் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவிட்டு மற்றதை வெட்டுவார்கள். அதற்கு லங் கவாத்து என்று பெயர். மீதியான அந்தக் கிளைகள் வேருக்கு அனுப்பும் உணவில் புதுத் துளிர் பிழைக்கும்.

வேரைப் பற்றிப் பேசும்போது நடவு முறையையும் சொல்ல வேண்டும். விதையிலிருந்து வளர்ந்த பழைய செடிக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. நூறு வருடம் தாண்டிய செடிகள் வறட்சிகளைக் கடந்து நிற்பதற்கு அது ஒரு காரணம். குச்சி நட்டு வளர்க்கிற இன்றைய தேர்வு ரகங்கள் நல்ல விளைச்சல் கொடுக்கும், ஆனால் அவற்றுக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. மேலும் ஒரு சரிவு முழுவதும் ஒரே ரகம் என்றால் எல்லாச் செடியும் ஒரே வறட்சிக்கு ஒரே மாதிரி வாடும். விதைத் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் வேறு. சில வாடும்போது சில நிற்கும். இலங்கையில் 1991இல் 24 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 1992 வறட்சியில் 18 கோடிக்கு அருகில் இறங்கியது. நாடு முழுவதுமான ஒரு விளைச்சல் ஒரே வருடத்தில் கால் பங்கு சுருங்கியது.

சூட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் உறைபனி இருக்கிறது. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் குந்தா, உதகைப் பகுதிகளின் பள்ளங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். செல்களுக்கு இடையில் உருவாகும் பனி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். விடிந்ததும் தெளிந்த வெயில் நேராக விழும். விறைத்துப்போன தண்டு நீர் அனுப்ப முடியாத அந்த நேரத்தில் இலை காய்ந்து, மதியத்துக்குள் கருகிய நிறம் ஏறிவிடும். குளிர் படிப்படியாக வந்தால் செடி தன் செல்களில் சர்க்கரையைக் கூட்டி உடலை இறுக்கிக்கொள்ளும். முன்குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்து திடீரென்று பனி இறங்கினால், துளிர்த்துக்கொண்டிருக்கும் இளம் செடிக்குத் தயாராக நேரமே இருக்காது. பூமி சூடாகிறது என்பதால் பனியின் காயம் குறைந்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

இத்தனை நெருக்கடியின் ருசியைத்தான் நாம் குடிக்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும். இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர்வரை வறண்ட காற்று வீசும்போது பறிக்கும் கொழுந்துக்குத்தான் உலகில் பெயர். மெந்தால் சாயல் கொண்ட அந்த மணத்தில் மெத்தில் சாலிசிலேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நெருக்கடியில் பல செடிகள் உண்டாக்குகிற பொருள் அது. நீலகிரியின் குளிர்காலத் தேநீருக்கும் மணம் தருவது அந்த மெதுவான, இறுக்கமான வளர்ச்சி. சீனாவின் யுனான் மாகாணத்தில் செலீனா அகமதும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பருவமழையில் இலைகள் மளமளவென்று வளர்ந்தன. அவற்றில் கேட்டெச்சின் எனப்படும் முக்கியச் சத்துகள் பாதிவரை குறைந்தன. ஓரளவு கஷ்டம் மணமாகிறது, அளவு மீறினால் செடி சாகிறது, கஷ்டமே இல்லாத மழையில் சாறு நீர்த்துப்போகிறது. இந்தக் குறுகிய இடைவெளியில்தான் ஊவாவின் பெயரும் நீலகிரியின் பெயரும் நிற்கின்றன. பருவங்கள் இடம் மாறும்போது அந்த இடைவெளி அதே மலையில் அதே மாதத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நண்பகலில் இலை துளையை மூடிக்கொள்ளலாம். அதே சரிவில், அதே வெயிலில், இடுப்பில் படங்கு கட்டி நிற்கிற பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவர் உடலும் நீரை இழந்துதான் குளிர்கிறது. நிழல் மரம் போனால் செடிக்கும் அவருக்கும் ஒன்றாகவே போகிறது. துளிர் மட்டுப்பட்ட வாரங்களில் நாளுக்கு இத்தனை கிலோ என்ற நிறை அவர் கைக்கு எட்டாது. எட்டாவிட்டால் சம்பளம் குறையும். காற்றின் வறட்சி 2.3 கிலோபாஸ்கலைத் தாண்டியது என்று ஆய்வுத்தாளில் வருகிற வரி, மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முன்னால் அவர் பெயருக்கு நேரே குறைந்த எண்ணாக எழுதப்படுகிறது. செடி தாகத்தால் வேலையை நிறுத்தியதற்கு அவரைத் தண்டிக்கிற முறை அநீதியானது. வறண்ட மாதங்களில் நிறையை இறக்க வேண்டும், நண்பகலில் வேலையை நிறுத்தி மாலைக்குத் தள்ள வேண்டும். செடி தன் நாளை அப்படித்தான் வகுத்துக்கொள்கிறது.

பெரிய தோட்டங்களுக்கு ஆய்வு நிலையங்களின் ஆலோசனை கிடைக்கும். நீலகிரியில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற பல ஆயிரம் சிறு விவசாயிகளுக்கு அது அரிதாகவே போய்ச் சேருகிறது. பச்சைத் தேயிலை விலை ஏறும் இறங்கும். கையில் பணம் இருக்கும்போது கவாத்து, இல்லாதபோது பறிப்பு என்றே அவர்கள் காலம் ஓடுகிறது. அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கவாத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், தோட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடிகளின் அடியில் தோண்டிப் பென்சில் கனத்தில் ஒரு வேரை எடுங்கள். குறுக்கே வெட்டி, வெட்டுவாயில் நீர்த்த அயோடின் கரைசலைத் தடவுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மங்கலாகவே நின்றால் பறிப்பை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுங்கள், அல்லது இரண்டு கிளையை இலையோடு விட்டு வெட்டுங்கள். வேர் வெளுத்தே இருந்தால் அந்தப் பருவத்தில் கத்தியை வைக்காதீர்கள்.